மெல்பர்ன், 2016 நவம்பர் 21: இடிமழையோடு வந்த ஆஸ்துமா

அன்று திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டிருந்தது, வடக்கிலிருந்து காய்ந்த காற்று நாள் முழுக்க வீசிக்கொண்டிருந்தது. மாலை ஆறு மணிவாக்கில் மேற்கிலிருந்து வந்த இடிமேகக் கூட்டம் நகரத்தின் மேல் ஏறியது, வெப்பம் மளமளவென்று 10 டிகிரி அளவுக்கு இறங்கியது, ஆனால் மழை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் பெய்யவில்லை. வேலை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. நாள் முழுக்க வெந்த ஊரில் குளிர்காற்று வந்தால் யாராக இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவிடத்தான் செய்வார்கள். அடுத்த 30 மணி நேரத்தில் மூச்சுக் கோளாறோடு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள், வழக்கமாக வருகிறவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலே, 3,365 பேர். ஆஸ்துமாவுக்காக உள்ளே சேர்க்கப்பட்டவர்கள் வழக்கத்தைவிட 476 பேர் அதிகம், சதவீதத்தில் சொன்னால் 992% கூடுதல். 10 பேர் இறந்துபோனார்கள்.

பருவநிலை மாற்றத்தால் மகரந்த ஒவ்வாமை கூடுகிறது என்று பேச ஆரம்பித்தால், பூக்காலம் சீக்கிரமே வந்துவிடுகிறது, தும்மல் நாட்கள் நீள்கின்றன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது உண்மைதான், கீழே அந்தக் கணக்குக்கும் வருகிறேன். ஆனால் மெல்பர்ன் நிகழ்வைப் படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது வேறு. ஆளைச் சாய்ப்பது வருடச் சராசரி இல்லை. மழை, புல், வெப்பம், காற்று, புயல் எல்லாம் ஒரே மாலையில் ஒன்றுகூடுவதுதான். அப்புறம் இன்னொன்று, அன்று விழுந்தவர்களில் பெரும்பாலானோர் தங்களுக்கு ஆஸ்துமா இருப்பதாகவே நினைக்காதவர்கள். அவர்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். அதனால்தான் இதைத் தமிழில் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

புல் வளர்ந்த ஆண்டு

கதை நவம்பரில் தொடங்கவில்லை. 2016-இல் இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பக்கம், இந்தோனேசியாவை ஒட்டிய கடல், வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகிக் கிடந்தது. மேற்குப் பக்கம் குளிர்ந்திருந்தது. எதிர்மறை இருமுனை நிலை என்று வானிலைக்காரர்கள் சொல்வது இதைத்தான், அந்த வருடம் அது மிக வலுவாக இருந்தது. கிழக்கில் கடல் சூடானால் ஈரப்பதம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு நோக்கிப் போகும். மே முதல் செப்டம்பர் வரை அந்த நாடு அதுவரை பதிவு செய்ததிலேயே அதிக மழை. அதே கடல் நிலை நமக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்தது: 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62% குறைந்துபோனதையும், 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்ததையும் டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் கடல் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கே மழை பெய்தது, புல் வளர்ந்தது. மெல்பர்னுக்கு வடக்கிலும் மேற்கிலும் இருப்பது மேய்ச்சல் சமவெளி. அதில் பெருமளவு ரைகிராஸ் என்ற புல், அந்த மண்ணின் புல் அல்ல, ஐரோப்பியக் குடியேறிகள் ஆடுமாடுகளுக்காகக் கொண்டுவந்து விதைத்தது. குளிர்கால மழையைக் குடித்து வளர்ந்து, அக்டோபரில் கதிர்விட்டு, நவம்பரில் உச்சமாகப் பூக்கும். பூச்சிகளை நம்பாமல் காற்றை நம்பும் புல் என்பதால் மகரந்தத்தை அள்ளி இறைக்கும். மழை நின்று வெயில் ஏறி வடகாற்று அடிக்கும் நாட்களில் அத்தனையும் நகரத்தின் மேல் வந்து இறங்கும். மெல்பர்ன்வாசிகள் வசந்தகாலம் முழுக்க, அங்கே அது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவது இதனால்தான்.

உடையும் துகள்

ரைகிராஸ் மகரந்தத் துகள் ஒன்று 35 மைக்ரான் அளவு இருக்கும், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூச்சோடு உள்ளே போனால் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும், நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போகாது, அத்தனை பெரியது. அதனால் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. எரிச்சல்தான், உயிருக்கு ஆபத்தில்லை. அங்கே இதை ஹே ஃபீவர் என்கிறார்கள், மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்தத் துகள் தண்ணீரை உறிஞ்சினால் காசித்தும்பைக் காய் போல வெடிக்கும். உள்ளிருந்து மாவுமணிகள் தெறிக்கும், ஒரு துகளிலிருந்து 700 வரைகூட. ஒவ்வொன்றும் 3 மைக்ரானுக்கும் குறைவு, ஒவ்வொன்றின் மேலும் லோல் பி 5 என்ற ஒவ்வாமைப் புரதம் ஒட்டியிருக்கும். இந்த அளவுள்ள துகளை மூக்கு தடுக்காது, நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 1992-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அவர்கள் அப்போது அதைத் தேடிப்போனதற்குக் காரணம், அதே ஊரில் 1987-லும் 1989-லும் நவம்பர் மாத இடிமழைக்குப் பின் ஆஸ்துமா நோயாளிகள் திடீரென்று குவிந்ததுதான்.

இடிமழை என்ன செய்கிறது? மேகத்துக்குள் மேலேறும் காற்று தரையிலிருக்கும் மகரந்தத்தை உறிஞ்சி உயரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஈரத்தில் துகள்கள் உடைகின்றன. பிறகு மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே பாய்ந்து, தரையில் மோதி, புயலுக்கு முன்னால் ஒரு சுவர் மாதிரி பரவிக்கொண்டு வருகிறது. உடைந்த துகள்கள் அதோடு சேர்ந்து ஆள் மூச்சுவிடும் உயரத்தில் குவிகின்றன. மழைத்துளி விழுவதற்கு முன்னாலேயே முகத்தில் அடிக்கிற அந்தச் சில்லென்ற காற்று இருக்கிறதே, அதுதான் ஆபத்து. ஈரத்தால் மட்டுமே உடைகிறதா, பலத்த காற்றின் மோதலுக்கும் மின்னலுக்கும் அதில் பங்கு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. சிறு துகளாகி உள்ளே போகிறது என்பதில் சண்டை இல்லை.

102 என்ற எண்

மகரந்தத்தை எண்ணும் கருவியை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்தால் இந்த நிகழ்வில் ஒரு முக்கியமான விஷயம் பிடிபடும். கட்டட மாடியில் வைக்கப்பட்ட ஒரு சிறிய உருளைப் பெட்டி, அதில் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீறல், காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள ஒரு வால். உள்ளே ஒரு பம்பு நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் இழுக்கிற அளவுக்குப் பக்கம். கீறலுக்குப் பின்னால் பிசின் தடவிய நாடா சுற்றிய உருளை, மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகரும். ஒரு நாளைக்கு 48 மில்லிமீட்டர் நாடா. அதை வெட்டியெடுத்து இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்து ஒருவர் உட்கார்ந்து எண்ணுகிறார், இது புல், இது மரம் என்று உருவம் பார்த்து.

அன்று வந்த எண் ஒரு கனமீட்டர் காற்றில் 102 புல் மகரந்தத் துகள்கள். 100-ஐத் தாண்டினால் அதீதம் என்பது அவர்களின் அளவுகோல். ஆக அதீதம்தான், ஆனால் நூலிழையில். அதைவிடக் கூடிய நாட்கள் அந்த ஊரின் வசந்தகாலங்களில் வந்துபோயிருக்கின்றன, தும்மலோடு முடிந்துமிருக்கின்றன. கருவி எண்ணுவது முழுத் துகள்களை மட்டும். உடைந்து சிதறிய மாவுமணிகள் அந்தக் கணக்கில் வராது. அன்று மக்களின் நுரையீரலுக்குள் போனது எதுவோ அதை அந்த 102 காட்டவில்லை. மகரந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து இன்று பரவாயில்லை என்று முடிவு செய்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

விழுந்தவர்கள் யார்

அவசர எண்ணுக்கு அழைப்புகள் கொட்டின, ஆம்புலன்ஸ்கள் போதவில்லை, காவல்துறை, தீயணைப்புத் துறை வண்டிகளைக்கூட அனுப்ப வேண்டியிருந்தது. என்ன நடக்கிறது என்று புரியவே நேரம் பிடித்தது. வெள்ளம், காட்டுத்தீ என்றால் கண்ணுக்குத் தெரியும். ஊரின் ஒவ்வொரு மூலையிலும் தனித்தனியாக ஒருவர் மூச்சுக்குத் திணறுவது யாருக்கும் பேரிடராகத் தெரியாது, எல்லா மருத்துவமனைகளின் எண்ணிக்கையும் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

பின்னர் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேள்விகள் கேட்டார்கள், 1,435 பேர் பதில் சொன்னார்கள். சராசரி வயது 32. மருத்துவர் உறுதிசெய்த, அப்போது நடப்பிலிருந்த ஆஸ்துமா இருந்தவர்கள் 28% மட்டுமே. ஆனால் ஹே ஃபீவர் இருந்தவர்கள் மிகப் பெரும்பான்மை. இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் சட்டென்று நம்புவதில்லை. முதியவர்கள், குழந்தைகள், ஏற்கெனவே இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் இவர்களுக்குத்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம், கணக்கு வேறு மாதிரி சொல்கிறது: வேலைக்குப் போகிற, ஓடியாடித் திரிகிற, வருடா வருடம் வசந்தத்தில் தும்முகிற இளவயதினர்.

1994 ஜூன் 24 அன்று லண்டனிலும் இதேதான். இடிமழைக்குப் பின் 30 மணி நேரத்தில் 640 பேர் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள், அதில் 283 பேருக்கு அதற்கு முன் ஆஸ்துமாவே கிடையாது.

இப்போது நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெல்பர்னில் அந்த நேரத்தில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் 10%. அதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் அதே நாட்களில் அது 1%தான். கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களில் ஆசிய, இந்திய வம்சாவளியினர் 39%, நகர மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 25%. இறந்த 10 பேரில் 6 பேர் ஆசிய அல்லது இந்திய வம்சாவளியினர்.

ஏன் இப்படி? மரபணு மட்டும் காரணமாக இருக்க முடியாது. நாம் வளர்ந்த ஊரில் ரைகிராஸ் கிடையாது; வந்து இறங்கிய முதல் வசந்தத்தில் உடம்புக்கு அது அறிமுகமே இல்லாத பொருள். ஓரிரு பருவம் போன பிறகுதான் உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. மெல்பர்னுக்குக் குடியேறிய ஆசியர்களிடையே தங்கிய ஆண்டுகள் கூடக்கூட ஹே ஃபீவரும் கூடியதை 1990-களிலேயே ஆய்வுகள் காட்டின. ஊரில் இருந்தவரை ஒன்றும் இல்லை, இங்கே வந்து சில வருடம் கழித்துத்தான் தும்மல் என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அது கற்பனை இல்லை. அதற்கு நாம் செய்வது என்ன? க்ளைமேட் ஒத்துக்கலை, சளி பிடிச்சிருக்கு, மிளகு ரசம் வச்சுக் குடி. இரவில் லேசாக வீசிங் வந்தாலும் காலையில் சரியாகிவிட்டால் டாக்டரிடம் போவதில்லை. ஆஸ்துமா என்ற பெயர் மருத்துவச் சீட்டில் ஏறிவிடக் கூடாது என்ற தயக்கமும் நம் குடும்பங்களில் உண்டு, பெண்பிள்ளை விஷயத்தில் இன்னும் அதிகம். இந்தத் தயக்கம் உயிரோடு விளையாடுவது என்பதை இதைவிடத் தணித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஏனென்றால் இன்னொரு எண் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 35 பேருக்கும் ஆஸ்துமா இருந்தது. அதில் தினசரி எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் பயன்படுத்தியவர்கள் 12 பேர் மட்டும். அந்த 35 பேரில் 5 பேர் பிழைக்கவில்லை.

பருவநிலை மாற்றத்துக்கு இதில் என்ன பங்கு

2016 நிகழ்வை அப்படியே தூக்கிப் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுதுவது சரியில்லை. அதே ஊரில் 1987-இல் நடந்தது, இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1983-இல் நடந்தது. மெல்பர்ன் பெருத்திருக்கிறது, அதில் ரைகிராஸுக்குப் பழகாத உடம்புகள் கூடியிருக்கின்றன, அந்தக் காரணங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான மழை 1990-களுக்குப் பிறகு மொத்தத்தில் குறைந்துகொண்டு வருகிறது. மழை குறைந்தால் புல் குறைய வேண்டும், மகரந்தமும் குறைய வேண்டும். வெப்பம் கூடினால் மகரந்தம் கூடும் என்ற ஒற்றை வரிச் சூத்திரம் இந்த ஊருக்கு அப்படியே பொருந்தாது.

வட அமெரிக்காவில் பொருந்துகிறது. 60 நிலையங்களின் 1990 முதல் 2018 வரையான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மகரந்தப் பருவம் 20 நாள் முன்னதாகத் தொடங்குகிறது, 8 நாள் கூடுதலாக நீடிக்கிறது, காற்றிலுள்ள மகரந்த அளவு 21% கூடியிருக்கிறது. பருவம் நீண்டதில் ஏறத்தாழ பாதி மனிதர் உண்டாக்கிய வெப்பமாதலால் என்று 2021-இல் வெளியான அந்த ஆய்வு கணக்கிட்டது, அளவு கூடியதில் அதன் பங்கு 8%தான். கரியமில வாயுவுக்குத் தனியாகவும் ஒரு வேலை உண்டு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 280 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 280 பங்கு, இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. செடிக்கு அது உணவு. ராக்வீட் என்ற களைச்செடியை, நம் ஊர் பார்த்தீனியத்துக்கு நெருங்கிய சொந்தம், பழைய அளவுக் காற்றிலும் 370 பிபிஎம் காற்றிலும் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தபோது பின்னதில் மகரந்தம் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. ஐரோப்பாவில் இப்போது ராக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் 3.3 கோடி, 2041-2060 வாக்கில் அது 7.7 கோடி ஆகலாம் என்று ஒரு கணிப்பு.

மெல்பர்னுக்குத் திரும்புவோம். அங்கே மொத்த மழை குறைந்தாலும் இடையிடையே 2016 மாதிரி கொட்டித் தீர்க்கும் ஆண்டுகள் வரத்தான் செய்கின்றன. நாடு 1910-க்குப் பிறகு சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும், குறுகிய நேரத்தில் கொட்டும் மழைக்கு அதுதான் எரிபொருள். மழை ஆண்டில் தழைத்த புல், கூடுதல் கரியமில வாயு குடித்த புல், பூக்கிற மாதத்தில் வரும் 35 டிகிரி நாள், அதன் தலையில் ஒரு இடிமேகம். இவை ஒவ்வொன்றும் முன்பும் இருந்தவைதான். ஒன்றாகக் கூடுகிற வாய்ப்பைத்தான் நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம், இருபது முப்பது வருடச் சராசரியைப் பார்த்து அந்த வாய்ப்பை எடைபோட முடியாது. சராசரி குறைவாக இருக்கும்போதே ஒரு மாலை 10 பேரைக் கொண்டுபோய்விடும்.

இதோடு கூட ஒன்று. வெப்பநாட்டுப் புல்வகைகள் அந்த நாட்டின் வடக்கில் கோடையில் பூப்பவை, பிரிஸ்பேன் பக்கம் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அவைதான். அதில் ஒன்று நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல். வெப்பம் தெற்கே நகர நகர இவையும் தெற்கே இடம்பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படியானால் நவம்பரில் ரைகிராஸ் ஓய்ந்த பிறகும் மூக்குக்கு விடுமுறை இருக்காது.

பிறகு என்ன செய்தார்கள்

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2017 அக்டோபர் 1 முதல் இடிமழை ஆஸ்துமாவுக்கென்றே ஒரு முன்னறிவிப்பு வந்துவிட்டது. வானிலை மையமும் பல்கலைக்கழக மகரந்தக் குழுவும் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்துவது. மகரந்த அளவு எவ்வளவு இருக்கும், பலத்த தரைக்காற்றோடு இடிமழை வருமா, இரண்டையும் சேர்த்துப் பார்த்து பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக மூன்று நாளுக்கு முன்னால் சொல்கிறார்கள். மகரந்தம் மட்டும் கூடினால் சிவப்பு வராது, இடிமழை மட்டும் வந்தாலும் வராது. எண்ணிக்கைக்குப் பதில் கூட்டு நிலையைக் கணிக்கிறார்கள், அது சரியான பாடம் என்பது என் கருத்து.

அந்த ஊரில் இருக்கிற, அங்கே படிக்கப் பிள்ளையை அனுப்பியிருக்கிற எல்லாருக்கும் சொல்வது இது. வசந்தகாலத்தில் தும்மல் இருந்தால் செப்டம்பருக்குள் ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரை, பாருங்கள், மூச்சு ஒருமுறையாவது இழுத்திருக்கிறது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா உண்டென்றால் தடுப்பு இன்ஹேலர் தினமும் எடுக்க வேண்டியது, மூச்சு நன்றாக இருக்கிற நாளிலும். உடனடி நிவாரணத்துக்கான நீல நிறப் பஃபர் (இதுவும் ஒரு இன்ஹேலர்தான்) அங்கே மருந்துச் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது, ஒன்று பையில் இருக்கட்டும், பஃபரோடு மாட்டி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழாய் ஒன்றும். ஆரஞ்சு, சிவப்பு நாளில் புயல் நெருங்கும்போது, குறிப்பாக மழைக்கு முந்திய அந்தக் காற்று அடிக்கும்போது, வீட்டுக்குள் போய் ஜன்னல் கதவை அடைத்துவிடுங்கள். ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வகையாக இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். காரில் இருந்தால் உள்காற்றே சுழலும்படி பொத்தானை மாற்றுங்கள்.

யாருக்காவது மூச்சு இழுத்தால் நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். ஸ்பேசரில் நீலப் பஃபரை ஒரு அழுத்து, நான்கு மூச்சு. இப்படி நான்கு அழுத்து. நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடி நான்கு, அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்த நாட்டின் அவசர எண்ணான 000-க்கு அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு அழுத்தாகத் தொடருங்கள். பேச முடியாத அளவு திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ எதற்கும் காத்திராமல் முதலிலேயே அழையுங்கள். முன்னறிவிப்பு அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை தினமும் வருகிறது, மாநிலத்தின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக் எமர்ஜென்சியில் உங்கள் பகுதியைக் குறித்து வைத்தால் எச்சரிக்கை போனுக்கே வந்துவிடும்.